மாப்பிள்ளையின் பீர் அண்டாக்களுக்கு மூணு தட்டு மர ஸ்டாண்ட்: நிக்குது, ஆனா ஆடுது

#1 கொட்டாப்புளி

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில இருந்து எழுதுறேன். ஓய்வு பெற்ற பிறகு மொட்டை மாடி ஷெட்டுல மரவேலை கத்துக்கிட்டவன். முக்காலி, செருப்பு ஸ்டாண்ட், பேத்திக்கு ஒரு நடைவண்டி. என் அனுபவம் அவ்வளவுதான்.

பொண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்காவுல, ஒஹாயோவுல. மாப்பிள்ளைக்கு வீட்டுலயே பீர் காய்ச்சுற பழக்கம் ஒட்டிக்கிச்சு. அங்க அதுக்கு அனுமதி உண்டு. நான் அதைத் தொட்டதில்ல, தொடப்போறதும் இல்ல. ஆனா வீடியோ கால்ல அவர் பண்றதைப் பார்க்கும்போது அந்தப் பாத்திர வரிசை மேல எனக்கு ஒரு மயக்கம். மேல வெந்நீர், நடுவுல மால்ட் (முளைகட்டி உலர்த்தின பார்லி) ஊறுற டிரம், கீழ கொதிக்கிற அண்டா. குழாயைத் திறந்தா தண்ணி தானா இறங்கும், பம்ப் வேண்டாம். நம்ம கொலுப்படி மாதிரி மூணு படி.

"மாமா, இதுக்கு ஒரு மர ஸ்டாண்ட் வரைஞ்சு குடுங்களேன்"னு கேட்டார். கேட்டா சும்மா இருப்பேனா? மூணு நாள் உக்காந்து வரைஞ்சு அனுப்பினேன். நாலு காலும் 4க்கு 2 சட்டம். தட்டு தாங்குற குறுக்குச் சட்டம் உக்கார காலுல 2 இன்ச் அகலத்துக்கு வெட்டு. அவரும் கடைக்குப் போய் "டூ பை ஃபோர்" வாங்கி, நான் குடுத்த அளவுக்கே அறுத்துட்டார். சட்டத்தை வெட்டுல வெச்சா லொடலொடன்னு ஆடுது. அரை இன்ச் இடைவெளி. சிம்பு சொருகி, ஸ்க்ரூ போட்டு நிறுத்திட்டார்.

போன வாரம் மேல் தட்டுல 30 லிட்டர் வெந்நீர் வெச்சு குழாயைத் திருகும்போது ஸ்டாண்டே பக்கவாட்டுல அசைஞ்சு, ஹோஸ் கழண்டு, தண்ணி பூரா தரையில. நல்ல காலம், யார் மேலயும் படலை. பொண்ணு என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. அதுதான் உறுத்துது.

மே மாசம் நாங்க அங்க போறோம். போறதுக்கு முன்னாடி இங்க ஒண்ணு செஞ்சு, வெறும் தண்ணி ஊத்திச் சோதிச்சுப் பார்த்துட்டு, அந்த அளவுல அங்க புதுசா கட்டலாம்னு எண்ணம். எங்க தப்பு பண்ணேன்?

#2 பழையமரம்

சார், தப்பு உங்க மேல இல்ல, கடைக்காரன் மேலயும் இல்ல. அளவு பேர்ல கீது. நம்மூர்ல சைஸ் மரம் 4க்கு 2ன்னு வாங்கினா 4க்கு 2 இருக்கும், இழைச்ச பின்னாடி ஒரு நூலு ரெண்டு நூலு போவும், நூலுன்னா அரைக்கால் இன்ச். அமெரிக்காவுல பேருக்குத்தான் ரெண்டுக்கு நாலு.

நான் மண்டித் தெருவுல முப்பது வருஷமா மரம் அறுத்துக்கினு இருக்கேன். வெளிநாட்டுக்குப் பையனை அனுப்பின பெருசுங்க உங்கள மாதிரியே வந்து கேக்கறாங்க.

#3 பனிக்காடு

பழையமரம் அண்ணே சொன்னது சரி. நான் மின்னசோட்டாவுல இருக்கேன், ஆம்பூர்க்காரன், நானும் காய்ச்சுறவன்தான். இங்க டூ பை ஃபோர் உண்மையான அளவு ஒன்றரைக்கு மூன்றரை இன்ச். மில்லிமீட்டர்ல 38க்கு 89. அறுக்கும்போது இருந்த அளவுக்குப் பேர் வெச்சுட்டாங்க, காய்ஞ்சு இழைச்ச பிறகு இளைச்சுப் போகுது. ஃபோர் பை ஃபோரும் அப்படித்தான், கையில மூன்றரைக்கு மூன்றரை. உங்க 2 இன்ச் வெட்டுல ஒன்றரை இன்ச் சட்டம் போனா அரை இன்ச் காத்துதான்.

இன்னொண்ணு. மாப்பிள்ளை எதுல கொதிக்க வெக்கிறார்? கேஸ் அடுப்பா, கரண்டா? மர ஸ்டாண்டுலயே அடுப்பு இருக்கான்னு முதல்ல சொல்லுங்க. ஆட்டத்தை விட அதுதான் எனக்குப் பயம்.

#4 வெல்டிங்ராடு

ராணிப்பேட்டை சிப்காட்டுல ஃபேப்ரிகேஷன் பண்றேன். இதுக்கு எதுக்குய்யா மரம்? ஒன்றேகால் இன்ச் சதுர பைப், நாலு கால், குறுக்குக்கு ஆங்கிள். காலையில ஆரம்பிச்சா மத்தியானம் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிடும். ஆடாது, தீப்பிடிக்காது, கரையான் வராது.

#5 கொட்டாப்புளி

வெல்டிங்ராடு தம்பி, இங்க இருந்தா உங்ககிட்டதான் வந்திருப்பேன். மாப்பிள்ளைகிட்ட இருக்கிறது ஒரு சர்க்குலர் ரம்பம், ஒரு பேட்டரி டிரில்லிங் மிஷின். வெல்டிங்குக்கு ஆள் வெச்சா அங்க கூலி கட்டுபடி ஆகாது. அதோட, மரம்னா அவர் கையால செய்வார். அந்த ஆசையையும் பார்க்கணும் இல்லையா.

பனிக்காடு தம்பி, கேஸ்தான். கீழ் தட்டுலயே அடுப்பை வெச்சு அதுமேல அண்டா. தட்டு மேல டைல்ஸ் ஒட்டியிருக்கார்.

#6 பனிக்காடு

ஐயா, அதை உடனே நிறுத்தச் சொல்லுங்க. விளையாட்டுக்குச் சொல்லலை. டைல்ஸ் தீயைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. ஒரு மணி நேரக் கொதியில அந்த டைல்ஸ் வழியா சூடு இறங்கி அடி மரம் வறண்டு கருகிக்கிட்டே வரும். மாசா மாசம் அப்படிச் சூடேறின மரம், புது மரத்தை விடக் கம்மிச் சூட்டுலயே பத்திக்கும். ஒரு நாள் புகையும்போதுதான் தெரியும். கொதி பொங்கி அடுப்பு மேல வழிஞ்சா அது தனிக் கதை.

அடுப்பு அதோட சொந்த இரும்புக் கால்ல தரையில நிக்கட்டும், மரத்துல இருந்து ரெண்டடி தள்ளி. கதவைத் திறந்து வெச்சாலும் கராஜுக்குள்ள கேஸ் எரிக்க வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெளியில எரிக்கணும்.

மர ஸ்டாண்டுக்கு ரெண்டு பாத்திரம் போதும்: மேல வெந்நீர், நடுவுல மால்ட். மூணாவது படியை மறந்துடுங்க.

#7 அகழிக்கரை

அண்ணன்மாரே, தலைப்பைப் பார்த்ததும் ஆசையா வந்தேன். நம்ம வேலூர்லயே வீட்டுல பண்ணிப் பார்க்கலாமா? வெயில் காலத்துல ஜில்லுனு ஒரு பீர், நம்ம கையால!

#8 நடத்துநர்

அகழிக்கரை, முடியாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937, உரிமம் இல்லாம மது தயாரிக்கிறது குற்றம். வீட்டுக்கு மட்டும், விக்கலைன்னாலும் அதேதான். டாஸ்மாக்ல கிடைக்குது, அதனால வீட்டுலயும் காய்ச்சலாம்னு கணக்குப் போடாதீங்க. கடை வேற, காய்ச்சுறது வேற.

வட ஆற்காட்டுக்காரங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது. ராஜாஜி 1937ல முதல்ல சேலத்துல மதுவிலக்கு கொண்டுவந்தார். அடுத்து சித்தூர், கடப்பை, அதுக்கடுத்து 1939ல நம்ம வட ஆற்காடு. சென்னைக்கு வர்றதுக்கு முன்னாடியே நம்மகிட்ட வந்த சட்டம்.

அமெரிக்காவுல வீட்டுல பீர் காய்ச்ச அனுமதிக்கிற சட்டத்துல 1978ல அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டார், 1979ல அமலுக்கு வந்தது. வயசு வந்த ஒருத்தருக்கு வருஷத்துக்கு 100 காலன், ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு 200 காலன், விக்கக் கூடாது. மாநிலச் சட்டம் தனி. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013லதான் ஒத்துக்கிட்டாங்க.

இந்த இழையில ஸ்டாண்டு பத்தி எவ்வளவு வேணாலும் பேசுங்க. இங்க காய்ச்சுறது பத்தி பேச்சு வந்தா பதிவை எடுத்துடுவேன்.

#9 அகழிக்கரை

சரிங்கண்ணே, புரிஞ்சுது. மோர் குடிச்சுக்கிறேன்.

#10 மால்ட்டுமூட்டை

குடியாத்தம் பக்கம் சொந்த ஊர். இப்போ பெங்களூர்ல ஒரு மைக்ரோபுருவரியில (சின்ன பீர் ஆலை) வேலை, அங்க உரிமத்தோட. சமாச்சாரம் என்னன்னு தெரிஞ்சா ஸ்டாண்டு தானா வரும், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

5 காலன்னா 19 லிட்டர் பீர். அதுக்கு சுமார் 5 கிலோ பார்லி மால்ட். கிலோவுக்கு 3 லிட்டர் கணக்குல 15 லிட்டர் வெந்நீர் ஊத்தி, 66 டிகிரி பக்கம் ஒரு மணி நேரம் ஊற விடுவோம். அந்தச் சூட்டுலதான் மால்ட்டுல இருக்கிற நொதி மாவை சர்க்கரையா மாத்தும். 70 தாண்டினா நொதி சீக்கிரம் செத்துடும், 60க்குக் கீழ போனா வேலை இழுக்கும். ஊறினதும் சாறை வடிச்சு, மேல இருந்து இன்னும் 15 லிட்டர், 76 டிகிரியில, மெதுவா ஊத்தி மிச்ச சர்க்கரையையும் கழுவி எடுப்போம். சக்கை கிலோவுக்கு ஒரு லிட்டர் குடிச்சுக்கும். ஆக 30 ஊத்தினா 25 வரும். ஒரு மணி நேரம் கொதிச்சா நாலு லிட்டர் ஆவியாப் போகும். அண்டா அடி மண்டியை விட்டுட்டா பக்கெட்டுக்கு 19.

இப்ப எடை. மேல் தட்டுல வெந்நீர் 30 கிலோ, பாத்திரம் ஒரு 5. நடுத்தட்டுல 15 தண்ணி, 5 மால்ட், டிரம் ஒரு 6. எல்லாம் சேர்த்து ஒரு ஆள் எடையைத் தாண்டாது. இந்த எடைக்கு எந்த மரக்காலும் நசுங்காது. நேரா நின்னா நாலு சவுக்குக் கம்பே தாங்கும். சிக்கல் என்னன்னா இது அசையிற எடை. தண்ணி உள்ள அலை அடிக்கும், கை குழாயைத் திருகும், கீழ ஒருத்தர் ஹோஸை இழுப்பார். எல்லாமே பக்கவாட்டு விசை. மாமா கால் கனத்தைக் கணக்குப் போட்டிருக்கீங்க, ஆட்டத்தைக் கணக்குப் போடலை.

#11 பழையமரம்

கரெக்டா சொன்னார் மால்ட்டு தம்பி. நான் ரெண்டே விஷயம் சொல்றேன், எழுதி வெச்சுக்கோங்க சார்.

ஒண்ணு, எடை மரத்து மேல உக்காரணும், ஸ்க்ரூவுல தொங்கக் கூடாது. காலுல வெட்டு போட்டு அதுல குறுக்குச் சட்டம் உக்காந்தா எடை நேரா காலுக்கு எறங்கும். ஸ்க்ரூ சும்மா நகராம புடிச்சிக்கினு இருக்கறதுக்குத்தான். உங்க மாப்பிள்ளை சிம்பு சொருகினாரே, அப்பவே எடை பூரா ஸ்க்ரூவுக்குப் போய்டுச்சி. அதுவும் சட்டத்தோட முனையில, நாரு ஓடற திசையிலயே ஸ்க்ரூ எறக்கியிருப்பார். அது பல்லு ஆடற மாதிரி ஆடும். அந்த எடத்துல போல்ட் போடுங்க. மூணு நூலு போல்ட், ரெண்டு பக்கமும் பெரிய வாஷர்.

ரெண்டு, மூலை விட்டம். சதுரம் சாயும், முக்கோணம் சாயாது. பின்பக்கம் ஒரு சாய்ஞ்ச ரீப்பர், ஒரு பக்கவாட்டுல ஒண்ணு. அவ்ளோதான்.

மரம் எதுன்னு கேப்பீங்க. சோதனைக்குத்தானே, தேக்கு வேண்டாம். இடிச்ச வீட்டு மரம் வாங்குங்க. கஸ்பா பக்கம் பழைய வீடு இடிக்கறாங்க, வேம்பு, வாகை, சில நேரம் வேங்கை உத்தரமே வரும். நாப்பது அம்பது வருஷம் காய்ஞ்ச மரம், இனிமே முறுக்காது. ஆனா ஆணி இருக்கான்னு காந்தம் வெச்சுப் பாத்துட்டு ரம்பம் வையுங்க. வேங்கைன்னா ஒரு தொல்லை கீது, தண்ணி பட்டா சாயம் எறங்கும். தரை செவந்துபோச்சின்னா வீட்ல திட்டு உங்களுக்கு.

யாராச்சும் மலிவா செம்மரம்னு வந்து நின்னா ஓடிடுங்க. நான் சொல்ல வேண்டியதில்ல.

#12 கொட்டாப்புளி

பழையமரம் ஐயா, இதைப் படிச்சுட்டு மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். நீங்க நேர்ல பார்த்த மாதிரி சொல்லியிருக்கீங்க. முனையில நாலு நாலு ஸ்க்ரூ. "கழட்டிடுங்க மாப்பிள்ளை"ன்னேன். அவர் நேத்தே கழட்டிட்டாராம். அடுப்புத் தட்டுக்கு அடியில மரம் காப்பிக் கொட்டை நிறத்துல இருக்காம், படம் அனுப்பினார். பனிக்காடு தம்பி, உங்களுக்கு எங்க பொண்ணு சார்பாவும் நன்றி.

நாளைக்கு மரம் பார்க்கக் கிளம்புறேன்.

#13 வெல்டிங்ராடு

அடுப்பு ஸ்டாண்டாவது இரும்புதானே? ஜெயிச்சது நான்தான், பதிவு பண்ணிக்கோங்க.

#14 கொட்டாப்புளி

பத்து நாள் கழிச்சு வர்றேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

கஸ்பாவுல ஒரு பழைய ஓட்டு வீடு. வேம்பு சட்டங்கள் கிடைச்சுது. ஒரு பக்கம் அடுப்படிப் புகை ஏறிக் கருப்பு, இன்னொரு பக்கம் பச்சை பெயிண்ட், நீல பெயிண்ட், அதுக்கடியில சுண்ணாம்பு. காந்தம் வெச்சு ஏழு ஆணி எடுத்தேன். எட்டாவது ஆணியை ரம்பம் எடுத்தது. பிளேடு போச்சு.

இழைப்புளி போட ஆரம்பிச்சதும் மாடி பூரா வேப்ப வாசனை. மேல் தோல் ஒரு நூல் போனதும் உள்ள தேன் கலர்ல மரம். இவ்வளவு வருஷமா ஒரு வீட்டுக் கூரையைத் தாங்கினது, இப்ப மாப்பிள்ளை பாத்திரத்தைத் தாங்க வந்திருக்குன்னு மனசுக்குள்ள ஒரு சிரிப்பு.

முதல்ல மூலை விட்டம் இல்லாமலே நிறுத்தினேன். வேணும்னுதான், எவ்வளவு ஆடுதுன்னு பார்க்க. மேல் தட்டுல பெயிண்ட் பக்கெட் ரெண்டு, தண்ணி ரொப்பி 35 கிலோ. மேல் சட்டத்துல இருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில சாக்பீஸால கோடு போட்டேன். அப்புறம் கொக்கித் தராசை மேல் சட்டத்துல மாட்டி, 5 கிலோ காட்டுற வரைக்கும் பக்கவாட்டுல இழுத்தேன். குண்டு ஆறு நூல் நகர்ந்துச்சு. முக்கால் இன்ச்! கையை எடுத்ததும் பக்கெட் தண்ணி தளும்பி மறுபடியும் ஸ்டாண்டைத் தள்ளுது, தொட்டில் மாதிரி நாலஞ்சு தடவை ஆடித்தான் நின்னுச்சு. மால்ட்டுமூட்டை சொன்ன அசையிற எடை இதுதான்னு அப்ப கண்ணால பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டுல அன்னைக்கு நடந்ததும் இதேதான்.

அப்புறம் பின்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு ரீப்பர் சாய்ச்சு அடிச்சேன். 3-4-5 கணக்குல மூலை செங்கோணமா இருக்கான்னு பார்த்து, போல்ட் முடுக்கி, அதே தராசு, அதே 5 கிலோ. ஒரு நூல் கூட முழுசா நகரலை.

வீட்டுக்காரி மேல வந்து பார்த்தா. "மாப்பிள்ளைக்குக் காய்ச்சுறதுக்கு ஸ்டாண்டு செஞ்சு குடுக்கிற மாமனார் இந்த வேலூர் ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்"னுட்டு இறங்கிப் போயிட்டா. ஆனா போகும்போது ஒரு தடவை தள்ளிப் பார்த்துட்டுத்தான் போனா. ஆடலை.

#15 மால்ட்டுமூட்டை

மாமா, தராசு வெச்சு ஆட்டத்தை அளந்த ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்! எங்க புருவரி ஆளுங்களுக்குப் படிச்சுக் காட்டினேன்.

உயரம் என்ன வெச்சிருக்கீங்க? பழைய வரைபடத்துல வெந்நீர்ப் பாத்திரம் எவ்வளவு உயரத்துல இருந்தது?

#16 கொட்டாப்புளி

பழையதுல மேல் தட்டு சரியா 5 அடி. கணக்கு இப்படி: தரையில பீர் பக்கெட் 15 இன்ச். அதுல தானா வடியணும்னு அடுப்பு மேல அண்டாவோட அடி 20 இன்ச்ல. அண்டா உயரம் 16, ஆக மால்ட் டிரம் 38ல. டிரம் 20 இன்ச், ஆக வெந்நீர் 60ல. அந்தப் பாத்திரத்தோட வாய் ஆறடிக்கு மேல. மாப்பிள்ளை நாற்காலி போட்டு ஏறித்தான் வெந்நீர் ஊத்தியிருக்கார்.

#17 பனிக்காடு

நாற்காலி மேல நின்னு 76 டிகிரி தண்ணியா? ஐயா, கேக்கவே குலை நடுங்குது.

நான் பண்றதைச் சொல்றேன். அண்டாவுல இருந்து பக்கெட்டுக்குத் தானா வடியணும்ங்கிற நிபந்தனையை விட்டுடுங்க. அந்த ஒண்ணுதான் மொத்த ஸ்டாண்டையும் மேல தள்ளுது. கொதிச்ச சாறை எப்படியும் 20 டிகிரிக்கு ஆற வெச்ச பிறகுதானே ஈஸ்ட் போடணும். ஆறினதைத் தூக்குறதுல ஆபத்து இல்ல. அதுக்குள்ள நடுத்தட்டுல மால்ட் டிரம்முக்கு வேலை முடிஞ்சு கழுவப் போயிருக்கும். ரெண்டு பேராப் பிடிச்சு ஆறின அண்டாவை நடுத்தட்டுல வெச்சா, அங்க இருந்து பக்கெட்டுக்கு வடியும்.

மேல வெந்நீர் ஊத்துறதே வேண்டாம். பச்சைத் தண்ணியை ஹோஸ்ல ஏத்திட்டு, பாத்திரத்துக்குள்ள 1500 வாட் ஹீட்டிங் எலிமெண்ட் போட்டு அங்கயே சூடு பண்ணிக்கலாம். மொத்தம் 30 லிட்டரையும் ஒரே தடவையில ஏத்த வேண்டாம். முதல்ல ஊறவைக்க 15, அது இறங்கின பிறகு மறு 15. 20ல இருந்து 76க்கு 15 லிட்டர்னா சுமார் 40 நிமிஷம். மால்ட் ஊறுற ஒரு மணி நேரத்துல அது தாராளமா சூடாயிடும். மேல எடையும் பாதி. எர்த் லீக் ஆனா கட் பண்ற பிளக் பாயிண்ட்ல மட்டும் மாட்டுங்க, அது இல்லாம தண்ணிப் பக்கம் கரண்ட் கொண்டுபோகாதீங்க.

#18 கொட்டாப்புளி

இது எனக்குத் தோணவே இல்ல. "ஆறினதைத் தூக்கு, சூடானதைத் தூக்காதே." எங்கம்மா குழம்புச் சட்டிக்குச் சொன்னதுதான்.

புதுக் கணக்கு: அடுப்பு 12, அண்டா 16, ஆக 28. நடுத்தட்டு 30. டிரம் 20, ஆக 50. மேல் தட்டு 52. எட்டு இன்ச் இறங்கிடுச்சு. நாற்காலி வேண்டாம்.

கால்களை 8 இன்ச் அறுத்துட்டேன். மேல் வெட்டுகளை மறுபடி போட வேண்டியிருந்தது, அது என் தலையெழுத்து.

#19 வெல்டிங்ராடு

பைப்பா இருந்தா அறுத்து ஒட்டியிருக்கலாம். சும்மா சொன்னேன்.

நிஜமான கேள்வி: தட்டுக்கு என்ன போட்டீங்க, ப்ளைவுட்டா? தண்ணி பட்டா அது பிஸ்கட் மாதிரி உப்பிடும்.

#20 பழையமரம்

ப்ளைவுட் போட்டாலும் ஐஎஸ் 710 முத்திரை இருக்கற மரைன் ப்ளைதான் போடணும். சும்மா வாட்டர்ப்ரூஃப்னு வாயால சொல்றதெல்லாம் மழைக்கு நிக்காது. ஆனா இங்க அதுவும் வேண்டாம். ரீப்பர் அடிங்க, நடுவுல நாலு நூலு இடம் விட்டு. ஊத்தின தண்ணி நிக்காம எறங்கிடணும். மரம் தண்ணி பட்டதால கெடாது சார், தண்ணி நின்னதாலதான் கெடும்.

கால் அடியையும் மறந்துடாதீங்க. மரத்தோட வெட்டுமுனை ஸ்ட்ரா மாதிரி தண்ணி உறிஞ்சும். பழைய வீடுங்கள்ல பாத்திருப்பீங்க, திண்ணைத் தூண் எதுவும் நேரா மண்ணுல நிக்காது, அடியில கல்லு இருக்கும். நீங்க ரப்பர் புஷ் மாட்டுங்க, மாட்டறதுக்கு முன்னாடி வெட்டுமுனைக்கு வார்னிஷ் மூணு கோட்டு குடுங்க.

#21 மால்ட்டுமூட்டை

அண்ணே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. சிந்துறது தண்ணி மட்டும் இல்ல. மால்ட் சாறு சர்க்கரைப் பாகு மாதிரி. காய்ஞ்சா பிசுபிசுன்னு ஒட்டும், ரெண்டு நாள்ல பூஞ்சை, எறும்பு. அதனால மரத்துக்குப் பாலியூரித்தேன் அடிச்சு வழவழப்பா வெச்சுடுங்க, வேலை முடிஞ்சதும் வெந்நீர்த் துணியால ஒரு துடைப்பு. முந்திரிக் கொட்டை எண்ணெய் பூசலாம்னு யாராவது சொல்லுவாங்க. கரையானுக்கு அது நல்ல மருந்துதான், ஆனா கையில பட்டா புண்ணாக்கும். சாப்பாட்டுப் பாத்திரம் வெக்கிற இடத்துக்கு வேண்டாம்.

#22 பழையமரம்

அதைத்தான் சொல்ல வந்தேன், முந்திக்கிட்டீங்க.

#23 கொட்டாப்புளி

ஒஹாயோவுல இருந்து எழுதுறேன். வந்து மூணு வாரம் ஆச்சு.

இந்தத் தடவை வரைபடம் பேப்பர்ல இல்ல. கடைக்கு நானும் போனேன், டேப்பைக் கையில வெச்சுக்கிட்டு. கடைக்காரப் பையன் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தான். கால் நாலும் ஃபோர் பை ஃபோர், குறுக்குச் சட்டம் டூ பை ஃபோர். வெட்டு அளவை நம்பர் பார்த்துப் போடலை. சட்டத்தையே கால் மேல வெச்சு பென்சிலால ரெண்டு பக்கமும் கோடு கிழிச்சு, கோட்டுக்கு உள்பக்கம் அறுத்தோம். சட்டத்தை வெச்சு கொட்டாப்புளியால ரெண்டு தட்டு தட்டினதும் "தொக்"னு உக்காந்துச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டு மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சார்.

ஒரு சொதப்பலும் உண்டு. உற்சாகத்துல முன்பக்கமும் ஒரு மூலை விட்டம் அடிச்சுட்டேன். அது சரியா நடுக் குழாய்க்குக் குறுக்கே வந்து நின்னுச்சு. கழட்டி வலப்பக்கம் மாத்தினோம்.

சனிக்கிழமை காய்ச்சினார். அடுப்பு வெளியில புல்தரையில, ஸ்டாண்டு கராஜ் வாசல்ல. மேல் குழாயைத் திறந்தார். கையை ஸ்டாண்டு மேல வெச்சுக்கிட்டே நின்னேன், ஒரு அசைவு இல்ல. நடுவுல இருந்து சாறு வடிய ஆரம்பிச்சதும் ஒரு டம்ளர்ல பிடிச்சுக் குடுத்தார். "இதுல இன்னும் ஒண்ணும் இல்ல மாமா, ஈஸ்ட் போடாதது, வெறும் தானியச் சாறு"ன்னார். குடிச்சேன். வெதுவெதுப்பா, பொரிச்ச கேழ்வரகு மாவுல வெல்லம் கரைச்ச மாதிரி ஒரு இனிப்பு, பின்னால ஹார்லிக்ஸ் வாசனை. அரை டம்ளரைப் பேத்தி வாங்கிக்கிட்டா.

#24 மால்ட்டுமூட்டை

பேத்திக்குக் குடுத்தது சரியான கட்டத்துலதான், அதுக்கப்புறம் குடுக்காதீங்க!

#25 அகழிக்கரை

ஐயா, சத்துவாச்சாரியில செஞ்ச வேப்பமர ஸ்டாண்டு என்ன ஆச்சு? குடுக்கிறதா இருந்தா நான் வந்து எடுத்துக்கிறேன். மோர்ப்பானை வெக்கத்தான், நடத்துநர் அண்ணன் சாட்சி.

#26 கொட்டாப்புளி

தம்பி, லேட்டா கேட்டுட்டீங்க. நாங்க கிளம்புறதுக்கு முன்னாடியே அது கீழ இறங்கி முற்றத்துக்கு வந்துடுச்சு. மேல் தட்டுல குழாய் வெச்ச மண்பானை, நடுத்தட்டுல சொம்பும் டம்ளரும். அக்னி நட்சத்திரத்துக்குத் தெருவுல போறவங்க, தபால்காரர், கேஸ் போடுற பையன் எல்லாரும் அதுலதான் தண்ணி பிடிச்சுக் குடிச்சாங்களாம், பக்கத்து வீட்டு அம்மா போன்ல சொன்னாங்க. நவராத்திரிக்கு அதுமேல கொலு வெக்கப் போறதா வீட்டுக்காரி இங்க இருந்தே திட்டம் போட்டுக்கிட்டு இருக்கா. ரெண்டு தட்டா இருக்கு, கொலுன்னா ஒத்தைப்படையா வேணும், ஊருக்கு வந்ததும் மூணாவது தட்டு அடிச்சுக் குடுக்கணுமாம்.

பழையமரம் ஐயா, அந்த வேம்புல இன்னும் ஒரு ஆறடி கிடைக்குமா?

#27 பழையமரம்

எடுத்து வெச்சிருக்கேன் சார். ஆணி பாத்துட்டேன். இதுல பதினொண்ணு இருந்துச்சி.